நூறு பட்டமும் புகை வரியும்

பராக்! பராக்! பராக்!

ஏழு கடலும் அலையடங்கி நிற்கட்டும்! எட்டுத் திசையும் காதைத் தீட்டிக்கொள்ளட்டும்! நாட்டின் தலையெழுத்தையே மாற்றவல்லதும், கற்றோரும் மற்றோரும் கைகட்டி நின்று கேட்க வேண்டியதுமான மாபெரும் அறிவிப்பு இதோ வருகிறது! மலை சரிந்தாலும் மனம் சரியாத மாவீரர், கூண்டிலிருந்த புலியைக் கண்கொட்டாமல் பார்த்த கூரிய பார்வையர், தொடர்ந்து மூன்று முறை தும்மியும் கிரீடம் கழலாத திண்தலையர், மாமன்னர் கீர்த்திவளவர் அரண்மனைக் கூடத்திலிருந்து அரியணையை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்!

அவ்வளவுதான் அறிவிப்பு. கூடத்துக்கும் அரியணைக்கும் நாற்பது அடி தூரம்.

இது முன்னொரு காலத்தில் நடந்தது. இதில் வருகிறவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. இவர்களைப் போன்றவர்களும் இப்போது எங்கும் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நாற்பது அடியைக் கடக்க மன்னருக்குத் தினமும் அரை நாள் பிடித்தது. காரணம், அவருக்கு முந்நூற்று அறுபத்தோரு பட்டங்கள். ஒன்பது பட்டங்களைக் கட்டியக்காரர்கள் முழங்கி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம். மன்னருடைய தாத்தா காலத்தில் பன்னிரண்டே பட்டங்கள் இருந்தன. அவர் விறுவிறுவென்று நடந்து வந்து உட்கார்ந்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். பிறகு அரண்மனைக் கட்டியக்காரர்கள் நாற்பது பேரும் சங்கம் அமைத்தார்கள். பட்டத்துக்கு இவ்வளவு நெல் என்று ஊதியம் பேசி வாங்கினார்கள். அன்றிலிருந்து மன்னர்களின் புகழ் மளமளவென்று வளர்ந்துவிட்டது. கீர்த்திவளவர் வெந்நீர் தீர்ந்துபோய் ஒருநாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார். மறுநாளே 'குளிரை வென்ற கோமான்' என்ற பட்டம் சேர்ந்துவிட்டது.

மன்னருக்கு இதில் பெருமைதான். என்ன, பட்டங்கள் முடிந்து வழக்குகளும் முடிந்து இலையில் உட்காரும்போது சோறு ஆறி, குழம்பில் ஆடை படிந்திருக்கும். வெல்வதற்கரிய வேந்தர் ஒருவர் ஆறிய சோற்றைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளலாமா? அதனால் பேசாமல் சாப்பிட்டுவிடுவார்.

இதையெல்லாம் அரியணைக்கு இடப்பக்கத் தூணில் சாய்ந்தபடி தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் விகடர் செங்கான். குயவர் தெருவில் பிறந்தவன். வாய்ச் சாமர்த்தியத்தால் அரண்மனைக்குள் வந்தவன். பதினோரு வருடமாக அதே ஊதியத்தில் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

மார்கழி பிறந்து சில நாள் கழிந்தது. அரசவையில் பாய் விரித்து ஊதியப் பேச்சு நடந்தது. கொடுக்கும் தரப்பு கிழக்கே, வாங்கும் தரப்பு மேற்கே உட்கார வேண்டும் என்பது முறை. கிழக்கே மந்திரி ஏகாம்பர நயினார் உட்கார்ந்தார். மேற்கே சங்கத்தின் தலைவர் பொன்னுரங்கம் உட்கார்ந்தார். அவருக்குச் சங்கத்தில் 'இடிமுழங்கியார்' என்று பெயர். இரகசியம் பேசினாலும் அடுத்த தெருவில் கேட்கும்.

"சங்கத்தின் கோரிக்கை யாது?" என்று மந்திரி கம்பீரமாகத் தொடங்கினார்.

"ஊதியத்தை ஒன்றரை மடங்காக உயர்த்தித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்."

மந்திரி பாயில் ஓங்கி அறைந்தார். "ஒன்றரையா? ஒருக்காலும் முடியாது! நீங்கள் நிற்கும் கல்லின் சூடு என்ன, உங்கள் தொண்டை படும் பாடு என்ன! இரண்டு மடங்குக்கு ஒரு நெல் குறைந்தாலும் நான் எழுந்து போய்விடுவேன்."

இடிமுழங்கியார் நெடுநேரம் யோசித்தார். "மந்திரியார் இவ்வளவு கறாராகப் பேசினால் எளியவர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்? உங்கள் விருப்பம். இரண்டு மடங்கே இருக்கட்டும்."

கடுமையான பேச்சு சுமுகமாக முடிந்தது. இருதரப்பும் வியர்வையைத் துடைத்துக்கொண்டன.

மந்திரி ஏன் இப்படி உருகினார் என்றால், அதற்கு அந்த நாட்டு வழக்கம் ஒன்று காரணம். ஒவ்வொரு தை மாதமும் பத்தாம் தேதி, கோட்டை வெளியில் வாழ்த்து நாள் நடக்கும். பெரிய முரசைத் தோல் மேலே பார்க்கக் கிடத்தி, அதன்மேல் ஒரு படி கடுகைப் பரப்புவார்கள். மந்திரி பதவிக்கு வர விரும்புகிறவர் பெயரைச் சொன்னதும், சுற்றி நிற்பவர்கள் "வாழ்க!" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தத்தில் தோல் அதிர்ந்து கடுகு துள்ளிக் கீழே விழும். யார் பெயருக்கு அதிகக் கடுகு விழுகிறதோ அவரே அந்த வருடத்து மந்திரி. நாட்டில் யார் வேண்டுமானாலும் வந்து கத்தலாம். ஆனால் தை மாதத்தில் அறுப்பை விட்டுவிட்டு யார் கத்த வருவார்கள்? அரண்மனையிலேயே இருக்கும் நாற்பது பேர் வருவார்கள். முரசைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள். கத்துவது அவர்கள் குலத்தொழில். ஒன்பது வருடமாக நயினார் பெயருக்குக் கடுகு மழையாகக் கொட்டியது.

அரண்மனையைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும் அதே வெயிலில்தான் வேலை செய்தார்கள். அவர்களுக்கு ஒன்பது வருடமாக எந்த உயர்வும் இல்லை. துடைப்பம் போடும் சத்தத்தில் கடுகு துள்ளாது.

"எல்லாம் சரி, இந்த நெல் எங்கிருந்து வரும்?" என்று மன்னர் கேட்டார்.

"ஏர், கிணறு, தறி, செக்கு எல்லாவற்றுக்கும் வரி போட்டாகிவிட்டது பிரபு. மிச்சமிருப்பது புகை ஒன்றுதான்" என்றார் மந்திரி. "புகைகிற அடுப்புக்கு ஒரு மரக்கால் நெல். புகைகிற சூளைக்கு நூறு மரக்கால்."

அடுத்த நாள் காலை செங்கானின் வீட்டுக் கதவு உடைகிற மாதிரி தட்டப்பட்டது. அவனுடைய அக்கா வேம்பாயி நின்றாள். முழங்கை வரை களிமண் காய்ந்து வெடித்திருந்தது. புருஷன் போன பிறகு தனியாளாகச் சூளை நடத்துகிறவள்.

"என்னடா இது, புகைக்கு வரியாம்? தமுக்குக்காரன் சொல்லிட்டுப் போறான்."

"ஆமாக்கா."

"ஆமாக்காவா? எண்ணூறு பொங்கல் பானை காஞ்சு அடுக்கி வெச்சிருக்கேன். பொங்கலுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. சூளையை மூட்டினா நூறு மரக்கா நெல்லு குடுக்கணும். எண்ணூறையும் வித்தாக்கூட அம்பது மரக்கா தேறாது. மூட்டலேன்னா எண்ணூறும் வெறும் மண்ணு. மழை பேஞ்சா கரைஞ்சிடும். நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

செங்கான் தலையைச் சொறிந்தான்.

"சொறியாதே. நீயும் அரமனைச் சோறு திங்கறவந்தானே? ராசாவைச் சிரிக்க வெக்கறேன், மந்திரியைச் சிரிக்க வெக்கறேன்னு பெருமை பீத்திக்கறியே. போய் ஏதாவது பண்ணு. உன் வாயை வெச்சு எனக்கு இன்னிவரைக்கும் ஒரு விறகுக்குச்சிகூட வந்ததில்லே."

அக்கா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

அன்று அரசவையில் முந்நூற்று அறுபத்தோராவது பட்டம் முடிந்து மன்னர் உட்கார்ந்ததும், செங்கான் கையை ஆட்டிக்கொண்டு முன்னே வந்தான். "பிரபு, ஒரு சிறு சந்தேகம். மந்திரியாருக்கு என்னைப் பார்த்தாலே காதில் புகை வருகிறது. அதற்கு எத்தனை மரக்கால்? இரண்டு காது என்பதால் இரண்டு அடுப்பாகக் கொள்வதா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரிக்கு உண்மையிலேயே புகை வந்துவிட்டது. ஆனால் அவர் புன்னகை மாறாமல் எழுந்தார்.

"பிரபு, குறை சொல்வது எளிது. விகடர் அத்தனை அறிவாளி என்றால் அவரே வழி சொல்லட்டுமே. கட்டியக்காரர்களுக்கு இரு மடங்கு ஊதியம் போய்ச் சேர வேண்டும். கஜானாவிலிருந்து ஒரு மணி எடுக்கக் கூடாது. குடிமக்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவும் கூடாது. மூன்றும் நடக்க வேண்டும். ஏழு நாளில் முடியாவிட்டால், புகை வரி அப்படியே நீடிக்கும், விகடர் பதவி என் மைத்துனனுக்கு வரும்."

மந்திரியின் மைத்துனனுக்கு ஒரே ஒரு நகைச்சுவை தெரியும். அது ஒரு காகத்தைப் பற்றியது. அதைக் கேட்டவர்கள் காகத்தையே வெறுத்துவிட்டார்கள்.

மன்னருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. "ஆகா! அப்படியே ஆகட்டும்! என்ன சொல்கிறாய் செங்கான்?"

"மன்னர் ஆணை" என்று செங்கான் குனிந்து வணங்கினான். வேறு என்ன சொல்வான்?

மூன்று நாள் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. குயவர் தெருப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் பகல், அரண்மனைச் சாப்பாட்டுக் கொட்டகை வழியாகப் போய்க்கொண்டிருந்தான். கட்டியக்காரர்கள் நாற்பது பேரும் இலைமுன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எதையோ வண்டு மாதிரி முணுமுணுத்தார்கள். அது தினமும் நடப்பதுதான். அன்றுதான் செங்கான் அதைக் காது கொடுத்துக் கேட்டான்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, இடிமுழங்கியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி என்னமோ சொல்றீங்களே, அது என்ன?"

"அதுவா?" இடிமுழங்கியார் ஏப்பம் விட்டார். கொட்டகையின் கூரையிலிருந்து இரண்டு புறாக்கள் பறந்தன. "சங்கத்துச் சத்தியம்யா! சங்கம் தொடங்கின அன்னிக்குக் கோட்டை அம்மன் முன்னால சூடத்தை அணைச்சு எங்க பாட்டன்மாருங்க செஞ்சது. 'எவருடைய நெல்லை உண்கிறோமோ, அவருக்கு நூறு பட்டத்துக்குக் குறையாமல் முழங்கிய பிறகே அந்த நெல்லில் கை வைப்போம்.' மீறினா ஆயுசுக்கும் தொண்டை அடைச்சுப்போகும்."

"நூறு எதுக்குண்ணே?"

"குறைவாச் சொன்னா ஊதியம் குறையுமில்ல? பாட்டன்மாரு விவரமானவங்க."

"அது சரி. நீங்க திங்கறது யாருடைய நெல்லு?"

"இது என்ன கேள்வி? மன்னரோட நெல்லு. களஞ்சியத்துலேருந்துதானே வருது?"

"களஞ்சியத்துக்கு எங்கேருந்து வருது?"

இடிமுழங்கியார் இந்தக் கேள்வியை வாழ்நாளில் முதன்முறையாகச் சந்தித்தார். சிறிது நேரம் யோசித்துவிட்டு உறுதியாகச் சொன்னார்: "வண்டியில வருது."

செங்கான் எழுந்து அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டான். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் மகிழ்ச்சியோடு ஆசீர்வாதம் செய்தார்.

மறுநாள் காலை செங்கான் குயவர் தெருவுக்கு ஓடினான். "அக்கா, நாளான்னிக்குச் சூளையை மூட்டிடு."

"நூறு மரக்கா நெல்லு?"

"தெருவுல எல்லார்கிட்டேயும் கைமாத்தா வாங்கி மூட்டை கட்டி வாசல்ல அடுக்கு."

வேம்பாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தெருவே ரெண்டு மாசம் திங்கற நெல்லுடா அது. போச்சுன்னா குழந்தை குட்டியோட எல்லாரும் பட்டினி. அப்புறம் இந்தத் தெருவுல நான் மூஞ்சி காட்ட முடியாது."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் சொல்றியா, இல்ல விகடம் பண்றியா?"

"ரெண்டும்தான்."

அவள் காறித் துப்பிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் வீட்டுப் படியேறினாள். கடன் கேட்க.

செங்கான் அரசவைக்குப் போய்க் கை கூப்பினான். "பிரபு, மந்திரியாரின் புகை வரியே சரியான வழி. அப்படியே வாங்கலாம்."

மந்திரி சந்தேகத்தோடு கண்ணைச் சுருக்கினார்.

"ஒரே ஒரு சின்ன யோசனை. நெல் ஊர் ஊராக வண்டியேறி, களஞ்சியத்துக்கு வந்து, எலி தின்று, முளை விட்டு, பிறகு கட்டியக்காரர்களுக்குப் போவதற்கு எதற்கு? அவர்களே வீடு வீடாகப் போய், கொடுப்பவர் கையாலேயே நேராக வாங்கிக்கொள்ளட்டும். வண்டிக் கூலி மிச்சம்."

இடிமுழங்கியாரின் முகம் மலர்ந்தது. மரக்காலைத் தாங்களே பிடித்தால் குவித்து அளந்துகொள்ளலாம். மந்திரிக்கும் இதில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஓலை எழுதி, மன்னர் முத்திரை வைத்தார். "முதல் நாள் வசூலை நானே நேரில் பார்க்க வருகிறேன்" என்றும் சொன்னார். அவருக்கு ஊர் சுற்றிப் பார்த்து வெகுநாளாயிற்று. பட்டம் முடிவதற்குள் பொழுது போய்விடுகிறதே.

குறித்த நாளில் குயவர் தெருவுக்குப் பல்லக்கு வந்தது. பின்னாலேயே நாற்பது கட்டியக்காரர்கள், நாற்பது காலிச் சாக்குகள். முதல் வீடு முறுக்குச் சுடும் சின்னாத்தாவுடையது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினாள். இடிமுழங்கியார் சாக்கை முறுக்கித் தோளில் போட்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றான் செங்கான். "இது யாருடைய நெல்?"

"இந்த அம்மாவோட... " இடிமுழங்கியார் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"பிரபு, சங்கத்துச் சத்தியம் ஒன்று உண்டு" என்று செங்கான் பல்லக்கின் பக்கம் திரும்பி அதைக் கணீரென்று ஒப்பித்தான். "அம்மன் முன் செய்தது. எவருடைய நெல்லோ அவருக்கு நூறு பட்டம்."

மன்னர் பல்லக்கின் திரையை முழுவதும் விலக்கிக்கொண்டார். "சத்தியம் என்றால் சத்தியம்தான். முழங்குங்கள்!"

"பிரபு, இவள் முறுக்குக்காரி..." என்று மந்திரி தவித்தார்.

"நெல் இவளுடையதுதானே?"

இடிமுழங்கியார் தொண்டையைச் செருமினார். "பராக்! பராக்! எண்ணெய்ச் சட்டியை அடக்கி ஆளும் ஏந்திழையாள்! அரிசி மாவைப் பிசைந்த... அஞ்சாநெஞ்சி! முறுக்கைத் திருப்பிப் போட்ட... மூதறிவாட்டி!"

சின்னாத்தா முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்தாவது பட்டத்தில் தலைமுடியைச் சரிசெய்தாள். இருபதாவது பட்டத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். முப்பதாவதில் கட்டியக்காரர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. "கூண்டுப் புலியைக் கண்கொட்டாமல்..." என்று மன்னருடையதை எடுத்து விட்டார்கள்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். புலியை நான் பார்த்ததில்லே" என்றாள் சின்னாத்தா. "கடன்காரன் வந்தா கொல்லைப்புறமா ஓடாதவள்னு சொல்லுங்க. அது நெசம்."

"கட்டின புருஷனுக்குப் பயப்படாதவள்னு சொல்லுங்கய்யா! அது அதைவிட நெசம்" என்று உள்ளேயிருந்து அவள் புருஷன் கத்தினான்.

தெரு குலுங்கியது. மன்னர் பல்லக்கில் புரண்டார். ஆளாளுக்குப் பட்டம் எடுத்துக் கொடுக்க, நூறு நிறைந்தது. அதற்குள் அடுத்த வீட்டுக்காரன் மரக்காலோடு தயாராக நின்றான். அதற்கடுத்த வீட்டில் பொண்டாட்டி நெல்லை அளக்க, புருஷன் புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "தொண்ணூத்தி ரெண்டுதான் வந்திருக்கு. நான் விரல் விட்டுக்கிட்டிருக்கேன். மிச்சம் எட்டை வெச்சிட்டுப் போ" என்று வழிமறித்தார்.

ஆறு வீடு முடிந்து ஏழாவதாக வேம்பாயி வீட்டுக்கு வந்தபோது, இடிமுழங்கியாரின் குரல் நனைந்த முரசுபோல ஆகியிருந்தது. வாசலில் மூட்டைகள் மலைபோல் அடுக்கியிருந்தன. பின்னால் சூளை பற்றி எரிந்தது. கருகருவென்று புகை எழுந்து தெருவையே மூடியது. தெருச் சனங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு மூட்டைகளைப் பார்த்தார்கள். அதில் அவர்களுடைய இரண்டு மாதச் சோறு இருந்தது.

"நூறு மரக்கா இருக்கு. அளந்துக்கோங்க" என்றாள் வேம்பாயி. கட்டியக்காரர்கள் ஆவலோடு மூட்டையில் கை வைத்தார்கள். "ஆனா பட்டம்?"

"நூறுதானே அம்மா, சொல்லிடுவோம்."

"அதெப்படி நூறு? ஒரு மரக்கா குடுத்த சின்னாத்தாவுக்கும் நூறு, நூறு மரக்கா குடுக்கற எனக்கும் நூறா? இதுல அவ நெல்லும் இருக்குய்யா, இந்தத் தெருவு நெல்லு பூராவும் இருக்கு. மரக்காலுக்கு நூறு போட்டு முழுசாச் சொல்லணும். ராசா இங்கேயேதான் இருக்காரு. கேப்போமா?"

"நியாயம்தான்" என்றார் மன்னர் பல்லக்கிலிருந்து. அவருக்கு அன்று எல்லாமே நியாயமாகப் பட்டது.

நூறு நூறு. பத்தாயிரம். இடிமுழங்கியார் மூட்டைகளைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். தன் ஆட்களைப் பார்த்தார். முப்பத்தொன்பது பேரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அவர் மெல்ல மூட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"பிரபு," என்றார் கரகரத்த குரலில், "இங்கே புகை எதுவும் எனக்குத் தெரியவில்லை."

மன்னர் இருமினார். கண்ணைக் கசக்கினார். "புகை இல்லையா? பின்னே இது என்ன?"

"பனி, பிரபு. மார்கழிப் பனி."

"பனிதான், பனிதான்" என்று முப்பத்தொன்பது பேரும் இருமிக்கொண்டே சொன்னார்கள்.

"பனி கறுப்பாக இருக்கிறதே?"

"இந்தத் தெருவில் அப்படித்தான் பிரபு" என்றான் செங்கான்.

எண்ணூறு பானைகளும் சிவக்கச் சிவக்க வெந்தன. தெருச் சனங்கள் தங்கள் மூட்டைகளை அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

மன்னரின் ஓலை இருந்ததால் கட்டியக்காரர்கள் வசூலை நிறுத்தவும் முடியவில்லை. செய்தி ஊரெங்கும் பரவிவிட்டது. வரி கொடுக்க மக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டார்கள். தேரடித் தெருவில் ஐம்பது பேர் மரக்காலைத் தூக்கிக்கொண்டு, "ஐயா, நில்லுங்க! எங்க வீட்டிலயும் புகையுது!" என்று துரத்த, நாற்பது கட்டியக்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். நாலாம் நாளோடு அவர்களுடைய குரல் போயிற்று. நாடு முழுவதும் பனிதான், புகையே கிடையாது என்று ஓலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாயால் சொல்ல முடியவில்லை.

அரண்மனையில் பராக் சொல்ல ஆளில்லை. மன்னர் ஒருநாள் காலை கூடத்திலிருந்து தயங்கித் தயங்கிக் காலை எடுத்து வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. நடந்தார். நாற்பது அடியும் முடிந்துவிட்டது. உட்கார்ந்து, வழக்குகளைக் கேட்டு முடித்து, உச்சிக்கு முன்பே இலையில் உட்கார்ந்தார். சோற்றிலிருந்து ஆவி பறந்தது. இரசத்தைக் குடித்தபோது நாக்கு சுட்டது. மன்னரின் கண்ணில் நீர் வந்தது. சூட்டினால் என்று சமையற்காரர் பயந்தார். மன்னர் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

தை பத்தாம் நாள் வந்தது. அந்த வருடம் கோட்டை வெளியில் கால் வைக்க இடமில்லை. அறுப்பை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டுக் குயவர் தெருவும், தேரடித் தெருவும், பக்கத்து ஊர்களும் வந்திருந்தன. தங்களுக்குப் பட்டம் சொன்னவர்களை இன்னொரு முறை பார்க்க வேண்டாமா? முரசைக் கிடத்திக் கடுகைப் பரப்பினார்கள்.

"ஏகாம்பர நயினார்!" என்று கணக்கர் பெயரைச் சொன்னார்.

நாற்பது வாயும் அகலத் திறந்தன. நாற்பது கழுத்து நரம்பும் புடைத்தன. "ஹ்ஹ்ஹ்" என்று காற்று மட்டும் வந்தது. கரையில் போட்ட கெண்டை மீன்களைப் போல வாயை மூடி மூடித் திறந்தார்கள். மந்திரி அவர்களுக்கு நடுவே நின்று, "கத்துங்கள், கத்துங்களேன்!" என்று கெஞ்சினார். முரசின் மேல் ஒரு கடுகு மட்டும் நகர்ந்தது. அது எறும்பு தள்ளியது.

முதலில் சின்னாத்தாதான் சிரித்தாள். அவள் புருஷனுக்கு அடுத்ததாகப் பிடித்துக்கொண்டது. பிறகு வேம்பாயி, பிறகு குயவர் தெரு. சிரிப்பு அலையலையாகப் பரவிக் கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அரண்மனையைப் பெருக்குகிறவர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முரசுத் தோல் அதிர்ந்தது. கடுகு துள்ளியது, குதித்தது, தெறித்தது. கடைசியில் தோல்மேல் ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

கணக்கர் எழுத்தாணியைப் பிடித்தபடி விழித்தார். "பிரபு, ஒரு படியும் கொட்டிவிட்டது. ஆனால் இது 'வாழ்க' இல்லையே, சிரிப்பாயிற்றே. யார் பெயரில் எழுதுவது?"

மன்னரும் சிரித்துக்கொண்டிருந்தார். கிரீடம் கழன்று மடியில் விழுந்து கிடந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, ஓரமாக நின்ற செங்கானைச் சுட்டிக் காட்டினார். "இந்த நாட்டில் சிரிப்புக்குப் பொறுப்பு யார்? அவன் பெயரில் எழுது!"

அப்படித்தான் செங்கான் மந்திரியானான். மன்னர் தம் பட்டுச் சால்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினார். புகை வரியை ஒழித்தார். பட்டங்களைப் பன்னிரண்டாகக் குறைத்தார். கட்டியக்காரர்களுக்குக் குரல் வரும்வரை பழைய ஊதியத்தோடு ஓய்வு கொடுத்தார். வேம்பாயி ஒரு புதுப் பொங்கல் பானையைக் கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்து, "உன் வாய்க்கு இன்னிக்குத்தாண்டா வேலை வந்துது" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று.

மறுநாளிலிருந்து அவன் மந்திரி செங்கானார். விகடர் பதவியையும் விடவில்லை. பதவியேற்ற மூன்றாம் நாள் அவர் முத்திரை வைத்த முதல் ஓலைப்படி, நாட்டிலுள்ள விகடர்கள் அனைவரின் ஊதியமும் இரு மடங்காக உயர்ந்தது.

நாட்டில் விகடர் ஒருவர்தான்.